தானே புயலும் ஆப்பிரிக்கக் கப்பலும்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போகிற வழியிலும் ஆண்டிமடம் பக்கமும் மண் சிவந்துவிடும். நெல் விளையாத மேட்டு நிலம் அது. முந்திரிக்கு அதுவே போதும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இது. இன்றைக்குக் கடலூர் மாவட்டத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிப்பது முதல் பையனைக் கல்லூரியில் சேர்ப்பது வரை எத்தனையோ குடும்பங்களில் சித்திரை, வைகாசி கொட்டைப் பணத்தை நம்பித்தான் நடக்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 140 கி.மீ. வரை போனது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். முந்திரி இலையுதிர்க்காத மரம். கிளைகளைத் தாழ்வாக, அகலமாகப் பரப்பி, அத்தனை காற்றையும் பாய்மரம் போலத் தாங்கி நிற்கும். வேரும் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் ஓடும். மழையில் ஊறி இளகிய மண் அந்த வேரைப் பிடித்துவைக்கவில்லை. கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் 30, 40 வருடத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. பலாவும் போயிற்று. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அது முந்திரி பூவெடுக்கத் தொடங்கும் நேரம் வேறு.

காற்று செய்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள வானிலை அறிவியல் போதாது, சந்தைக் கணக்கும் வேண்டும்.

பழைய நாளில் ஒரு வட்டாரத்தில் விளைச்சல் அழிந்தால் அங்கே விலை ஏறும். பத்து மரத்தில் ஏழு போனவனுக்கு மிச்சம் மூன்று மரத்துக் கொட்டை கூடுதல் விலைக்குப் போகும். இழப்பு முழுசாக ஈடாகாது என்றாலும் கொஞ்சம் கை கொடுக்கும். பொருளாதாரத்தில் இது எழுதாத காப்பீடு. உலகச் சந்தை திறந்ததும் அந்தக் காப்பீடு காலாவதியாகிவிடுகிறது. பண்ருட்டி ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை மட்டுமே கதி என்ற நிலை முன்பே போய்விட்டது. ஐவரி கோஸ்ட், கானா, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வருகிறது. விலையை நிர்ணயிப்பது அந்த நாடுகளின் அறுவடையும் வியட்நாம் ஆலைகளின் கொள்முதலும்தான். 2006 வாக்கிலேயே பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் இந்தியாவை முந்திவிட்டது. கடலூரில் இத்தனை மரங்கள் விழுந்தது இங்கே பேரிடர். உலக விலைப் பட்டியலை அசைக்க அது போதாது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. அதே 2011-இல், இரண்டே மாதம் முன்னால், தாய்லாந்தில் வெள்ளம் வந்தது. பாங்காக்குக்கு வடக்கே தொழிற்பேட்டைகள் மூழ்கின. உலகத்தின் கணினி ஹார்டு டிஸ்க்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த நாட்டில் தயாரானது. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை மடமடவென ஏறியது, சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளிலும் ஏறியது. அந்த ஆலைகளை ஓடவைக்க வேண்டிய அவசரம் உலகத்துக்கே இருந்ததால் சில மாதங்களில் உற்பத்தி திரும்பியது. கடலூர் முந்திரிக்காக அப்படி யாரும் காத்துக்கிடக்கவில்லை. வேறு இடத்தில் கிடைக்காத பொருளைச் செய்கிறவன் அடிபட்டால் உலகமே ஓடி வருகிறது. எங்கும் கிடைக்கிற பொருளை விளைவிக்கிறவன் அடிபட்டால் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். மீட்சியின் வேகத்தை முடிவு செய்வதில் புயலின் வேகத்தைவிட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

விழுந்த மரத்துக்குப் பதில் ஒட்டுக்கன்று நடலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ.-3 போன்ற ரகங்கள் மூன்றாம் ஆண்டே காய்க்கத் தொடங்கும். முழு மகசூல் வர எட்டு, பத்து வருடம் ஆகும். நடுவில் ஊடுபயிராக மணிலா (நிலக்கடலை) போடலாம். ஆனால் அந்த வருடங்களை ஓட்டுவது எப்படி?

காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை பக்கம் இதற்கு ஒரு பதில் உண்டு: வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள். டீன் யாங், ஹ்வாஜுங் சோய் என்ற இரு ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸில் மழை மாறுபாட்டால் வருமானம் சரிந்த குடும்பங்களை ஆராய்ந்தார்கள். வெளிநாட்டில் ஆள் இருந்த வீடுகளில், இழந்த வருமானத்தில் சுமார் 60 சதவீதத்தை வந்த பணம் ஈடுகட்டியது. உலகமயம் ஒரு கையால் பறித்ததை மறு கையால் கொடுக்கும் வழி இது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கும் ஏஜெண்டுக்கும் கட்டப் பணம் இருந்த வீட்டுக்குத்தான் அந்தக் கை நீளும். தோப்பில் கொட்டை பொறுக்கிக் கூலி வாங்குகிறவர் வீட்டுக்குப் பெரும்பாலும் நீளாது. அந்தப் பணத்துக்கும் ஆபத்து உண்டு. 2020-இல் கொரோனா விமானங்களை நிறுத்தியது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து சுமார் 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் கடலூர் மாவட்டத்தவரும் உண்டு.

கொட்டை இறக்குமதியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? முந்திரி உடைக்கும் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உடைப்பார்கள். பருப்பு முழுசாக வந்தால்தான் தரம். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்ற எண்ணிக்கையில்தான் 180, 240, 320 என்று தரம் பிரிப்பார்கள். எண் சின்னதாக இருந்தால் பருப்பு பெரிசு, விலை அதிகம். உள்ளூர் அறுவடை ஆலைகளுக்குச் சில மாதம்கூடத் தாங்காது. ஆண்டு முழுக்க வேலை கிடைப்பதே வெளிநாட்டுக் கொட்டையால்தான். புயலில் தோப்பு போன குடும்பத்துக்கும் அந்த ஆலைக் கூலி ஒரு வழி.

2018 மத்திய பட்ஜெட்டில் கச்சா முந்திரி மீதான சுங்கவரி 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தது. ஆலைக்காரர்களுக்கு லாபம், விளைவிப்பவருக்குப் போட்டி. கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் கணவர் தோப்பை நம்பியிருக்கிறார், மனைவி ஆலைக்குப் போகிறார். வரி ஏறினால் ஒருவருக்கு நல்லது, இறங்கினால் மற்றவருக்கு.