பட்ஜெட்டில் விழும் துண்டு உண்மையில் எவ்வளவு?

பட்ஜெட் வந்த மறுநாள் பத்திரிகையைப் பிரித்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது வருமான வரியை. அடுத்தது சிகரெட் விலையை. “நிதிப் பற்றாக்குறை இத்தனை சதவீதம்” என்ற வரியில் கண் நிற்பதில்லை. ஆனால் தபால் ஆபீஸில் மாதம் நூறு, இருநூறு போட்டு வருகிறவருக்கு அந்த வரி சொந்த விஷயம். சர்க்கார் வாங்கும் கடனில் அவர் பணமும் சேர்த்தி.

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) சுமார் 14 கிலோமீட்டரில் உள்ளது சிப்பிகாட். அந்தமானுக்குச் சட்டசபை கிடையாது. தமிழ்நாட்டைப் போலச் சொந்தமாகக் கடன் பத்திரம் வெளியிடவும் முடியாது. சாலை, ஆஸ்பத்திரி, கப்பல் எல்லாம் பெரும்பாலும் டெல்லிக் கணக்குதான். ஆகவே சிப்பிகாட்டுக்குத் துண்டு விழுகிறதா என்று பார்க்க மத்திய பட்ஜெட்டைத்தான் புரட்ட வேண்டும்.

பழைய அளவுகோல்

1991-க்கு முன் இந்தக் கணக்கு விநோதமாக இருந்தது. மக்களிடம் வாங்கிய கடன், தபால் ஆபீஸ் சேமிப்பு, வெளிநாட்டுக் கடன் எல்லாமே ‘வரவு’. அதற்கும் மேல் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலப் பத்திரம் கொடுத்துப் பெற்றதும், கையிருப்பில் குறைந்ததும்தான் ‘பற்றாக்குறை’. ஒரு குமாஸ்தாவுக்குச் சம்பளம் 800, செலவு 1,000. நண்பரிடம் 150 கைமாற்று வாங்கிவிட்டு, “எனக்கு 50 ரூபாய்தான் துண்டு” என்று மனைவியிடம் சொன்னால் எப்படி? கிட்டத்தட்ட அப்படித்தான்.

1990-91-ல் பழைய முறைப்படி பற்றாக்குறை 11,347 கோடி ரூபாய். கடன் முழுவதையும் சேர்த்து எண்ணும் இன்றைய முறைப்படி அதே ஆண்டுக்கு 44,632 கோடி. நாலு மடங்கு! 1991 ஜூலையில் அன்னியச் செலாவணிக்காக ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கம் லண்டனுக்கு அடகு போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பல காரணங்கள். இந்தப் பெருங்கடனும் அவற்றில் ஒன்று. கணக்கை மாற்ற வேண்டும் என்று சுகமய் சக்கரவர்த்தி கமிட்டி 1985-லேயே சொல்லியிருந்தது.

மைத்துனன் பெயரில் கடன்

அளவுகோல் மாறியது. கடனை மறைக்கும் வழியும் மாறியது.

ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்வோம். இந்திய உணவுக் கழகம் அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. வித்தியாசத்தை மானியமாகச் சர்க்கார் தர வேண்டும். 2016-17 முதல் அதில் ஒரு பகுதியை மட்டும் தந்துவிட்டு, மீதிக்குத் தேசியச் சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நிதி என்பது தபால் ஆபீஸ் பணம். தின்றது சர்க்கார் அரிசி, கடன் கழகத்தின் பெயரில். பற்றாக்குறையில் அது ஏறவில்லை. சிப்பிகாட்டில் ரேஷன் அரிசி வாங்குகிறவரே தபால் ஆபீஸிலும் பணம் போடுகிறவர் என்றால், கடன் கொடுத்தவரும் அவர்தான்!

2021 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதை நிறுத்தினார். 2020-21-க்கு 1,15,570 கோடி என்று போட்டிருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடி ஆயிற்று. கொரோனா கால இலவச அரிசியும் அதில் உண்டு. பழைய பாக்கி அதைவிடப் பெரிய பங்கு. ஒளித்ததற்காகத் திட்டுகிறவர்கள், வெளியே எடுத்ததற்குப் பாராட்டவும் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. மின்வாரியக் கடனில் 22,815 கோடியை 2017-ல் கையெழுத்தான ‘உதய்’ திட்டப்படி மாநில சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. கடன் பழையதுதான், எழுதிய ஏடு மாறியது.

ஏட்டில் ஏறவே ஏறாததும் உண்டு. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரை சுமார் மூன்றடி தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. சர்க்கார் கணக்கு ரொக்கக் கணக்கு. நிவாரணத் தொகை செலவில் வரும். போன வயலுக்கு அதில் இடம் கிடையாது.

2025-26 பட்ஜெட்டில் பற்றாக்குறை மதிப்பீடு நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம். 2026-27 முதல் மொத்தக் கடனே முக்கிய அளவுகோல். 2031 மார்ச்சுக்குள் அதை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவது இலக்கு. பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனுக்கென்று செலவு விவரத் தொகுதியில் தனி அட்டவணை இருக்கிறது. சதவீதத்தைப் பார்ப்பவர்கள் அந்த அட்டவணையையும் சேர்த்துப் பார்க்கலாம்.