எஞ்சினை முடுக்குவதா, எடையைக் குறைப்பதா?

கரூரிலிருந்து பாளையம், குஜிலியம்பாறை, எரியோடு வழியாகத் திண்டுக்கல்லுக்கு ஒரு சாலை செல்கிறது. அந்தச் சாலையோரம் என் பழைய மாணவர் ஒருவர் கார் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை, கேள்வியைத்தான் முதலில் கேட்டார்.

"சார், கையில ஒன்றரை லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். நம்ம பழைய மாருதி எஞ்சினிலேயே வேலை பார்த்து வேகத்தைக் கூட்டலாமா? இல்ல, அதை வித்துட்டுப் பெரிய எஞ்சின் வண்டி ஒண்ணு வாங்கிடலாமா?"

அந்த மாருதி 800 வண்டியைக் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முந்தைய ஆண்டு ஒரு முறை முயன்றும் பார்த்திருந்தார். லேத்தில் கொடுத்து எஞ்சினின் ஹெட்டைச் சீவி, அழுத்தத்தைக் கூட்டினார். இரண்டாம் வாரமே பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. மூன்று மாத வருமானம் அதோடு போயிற்று. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"உட்கார் தம்பி, ஒரு தாள் எடு" என்றேன். அன்று நாங்கள் போட்ட கணக்கை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலே இதற்குப் போதும்.

வேகத்தின் விலை என்ன?

ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். மாருதி 800 வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ. ஆக 720 கிலோ. மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் இயக்க ஆற்றல் 2,25,000 ஜூல்.

இந்த ஆற்றலைத் தர வேண்டியது எஞ்சின். அதன் கொள்ளளவு 796 சி.சி.; திறன் சுமார் 37 குதிரைத் திறன். ஒரு குதிரைத் திறன் 746 வாட். எனவே வினாடிக்கு ஏறத்தாழ 27,600 ஜூல் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: 8 வினாடிக்குச் சற்று மேல் வரும். உண்மையில் ஏறக்குறைய இருமடங்கு நேரமாகும். கியர் மாற்றும்போது இழப்பு, காற்றின் தடை, எல்லாச் சுழற்சி வேகத்திலும் எஞ்சின் முழுத் திறனைத் தராதது ஆகியவை இதற்குக் காரணங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம் கணக்கு போதும்.

இப்போது வண்டியிலிருந்து ஓர் ஆள் எடையை, அதாவது 70 கிலோவைக் கழற்றி எடுத்து விடுவோம். மொத்தம் 650 கிலோ. இயக்க ஆற்றல் சுமார் 2,03,000 ஜூல். நேரம் 7.4 வினாடி. எடையைத் தொடாமல் இதே பலனைப் பெற எஞ்சின் 41 குதிரைத் திறன் தர வேண்டும். ஆகவே, வண்டியிலிருந்து 70 கிலோவைக் கழற்றி வைத்தவர் எஞ்சினைத் தொடாமலே நான்கு குதிரைகளைப் பூட்டியவர் ஆகிறார்!

இது நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மேற்கே பல்லடம், உடுமலைப் பக்கம் ரேக்ளாப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். இருநூறு, முந்நூறு மீட்டர் தூரத்தைக் காளைகள் பாய்ந்து கடக்கும். மூட்டை ஏற்றும் பார வண்டியைப் பூட்டிக்கொண்டு அங்கே யாரும் வருவதில்லை. ஓர் ஆள் தொற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய வண்டிதான் வரும். நல்ல காளைக்கு அலைகிறவர்கள் வண்டியின் எடையையும் விட்டுவிடுவதில்லை.

எஞ்சினை முடுக்கினால் என்ன ஆகும்?

எஞ்சினின் திறனைக் கூட்ட வழிகள் உண்டு. காற்றும் பெட்ரோலும் தடையின்றி உள்ளே வரவும், புகை விரைந்து வெளியேறவும் பாதைகளைச் செப்பனிடலாம். வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை நீட்டலாம். கலவையை இன்னும் அழுத்தி எரிக்கலாம். எஞ்சினை இன்னும் விரைவாகச் சுழல விடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

கலவையை அழுத்தும்போது அது சூடாகிறது. அளவு மீறி அழுத்தினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே மூலையில் உள்ள கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனைச் சீராகத் தள்ள வேண்டிய அழுத்தம் சம்மட்டி அடியாக மாறும். 'டக் டக்' என்று எஞ்சின் தட்டுவது இதனால்தான். என் மாணவருடைய பிஸ்டனில் ஓட்டை விழுந்த மர்மமும் இதுவே.

சுழற்சியைக் கூட்டினால்? பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்புகிறது. அதைத் திருப்ப வேண்டிய விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நிமிடத்துக்கு 5,500 சுற்று ஓடிய எஞ்சினை 7,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் சுழற்சி 27 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டின்மேல் விசை 62 விழுக்காடு கூடுகிறது. தண்டும் தாங்கிகளும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்லவே! அவற்றையும் மாற்ற வேண்டும். செலவு ஒன்றரை லட்சத்தோடு நிற்காது.

பெரிய எஞ்சின் எப்போது வேண்டும்?

"அப்போ பெரிய எஞ்சின் வண்டியே தேவையில்லையா சார்?" என்றார் அவர். தேவைப்படும் இடமும் உண்டு.

நேர்ச்சாலையில் உச்ச வேகத்தில் போகும் காருக்கு முதல் பகை காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். உச்ச வேகம் 130 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 37 குதிரைத் திறனை 41 ஆக்கினால் உச்ச வேகம் நான்கைந்து கிலோமீட்டர்தான் உயரும். ஒன்றரை மடங்காக, 195 கிலோமீட்டராக, உயர வேண்டுமானால் 3.4 மடங்கு திறன் வேண்டும். கிட்டத்தட்ட 125 குதிரைகள்! வீட்டுக் காருக்கென்று செய்த 796 சி.சி. எஞ்சினைத் தட்டிக்கொட்டி இதைப் பெற முடியாது. எடைக் குறைப்பும் இங்கே பெரிதாக உதவாது. காற்று வண்டியின் எடையைக் கேட்பதில்லை, அதன் முகப்பரப்பையும் வடிவத்தையும்தான் பார்க்கிறது. நீண்ட நேர்ப்பாதைதான் உங்கள் களம் என்றால், வேறு வண்டி வாங்குவதே சரி.

வளைவில் நடப்பது என்ன?

வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவு. உராய்வுக் குணகம் 0.8 என்று கொள்வோம். மைய நோக்கு விசையை உராய்வு விசைக்குச் சமன் செய்தால், வழுக்காமல் போகக்கூடிய வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் என்று வரும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடுவார்: "சார், சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை இருக்கிறதே! அடிபட்டுப் போகாதா? லாரிக்கும் காருக்கும் அதே 64 தானே?" நல்ல கேள்வி. பாடநூல் விதிப்படி அது சரியே. ஆனால் ரப்பர் அந்த விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. டயரின்மேல் சுமை ஏற ஏற, அதன் உராய்வுக் குணகம் சற்றே குறைகிறது. சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்குக்குக் குறைவாகவே வளர்கிறது. ஆகவே, அதே டயர் மாட்டிய இரண்டு வண்டிகளில் இலேசானதுதான் வளைவில் முந்தும்.

பிரேக்கிலும் இதே ஆதாயம் உண்டு. 90 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது அந்த 2,25,000 ஜூலும் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. சுற்றுக்குச் சுற்று இப்படிச் சூடேறினால் பிரேக் பிடிப்பை இழக்கும். எடை குறைந்தால் அந்த வெப்பமும் குறையும். எஞ்சினில் கூட்டிய குதிரைகள் பிரேக்குக்கு உதவுவதில்லை.

சோழவரமும் கோவையும்

தமிழ்நாட்டின் கார் பந்தய வரலாற்றில் இந்த இரு வழிகளையும் காணலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுக் காலம் பந்தயங்களை நடத்தியது. விமானம் ஓடிய பாதை அல்லவா? நீளமான நேர்ப்பாதைக்குப் பஞ்சமில்லை. வலிய எஞ்சினுக்கு அது ஏற்ற களம். வசதி படைத்தவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தார்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட என்சைன் காரை 1980-களில் விஜய் மல்லையா அங்கே ஓட்டினார். வேகமான வண்டியை வாங்கும் வழி இது.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் வேறு வழியில் சிந்தித்தார். 1983 டிசம்பரில் மாருதி 800 நம் நாட்டில் விற்பனைக்கு வந்திருந்தது. வீட்டுக் கார்தான். ஆனால் அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் சிறியது, இலேசானது. உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும். கரிவரதன் அந்த எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டகம் கொண்ட ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. கணக்குக்காக அப்படி ஒரு வண்டியை ஓட்டுநருடன் 450 கிலோ என்று கொள்வோம். அதே 37 குதிரைகள், நம் முதல் கணக்கின் 8 வினாடியை 5 வினாடியாகக் குறைத்துவிடும்! எடையைக் குறைக்காமல் இதைப் பெற 59 குதிரைகள் வேண்டியிருக்கும்.

செல்வந்தர் அல்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர இது கதவைத் திறந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்களுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைக் காண இல்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் காலமானார். 2003-இல் செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கடல் கடந்த நாடுகளிலும் இப்படிச் சிந்தித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் கார் அரை டன் எடைதான். சாதாரணக் கார்களின் எஞ்சின்களைக்கொண்டே அது பெரிய வண்டிகளுக்குச் சவால் விட்டது.

எடை மேடையில் கண்டது

என் மாணவர் போக நினைத்தது வளைவுகள் நிறைந்த செட்டிப்பாளையம் பாதைக்கு. ஆகவே புது வண்டி வாங்கும் எண்ணத்தை விட்டார். பின்னிருக்கை, தரைவிரிப்பு, மாற்றுச் சக்கரம், ஜாக்கி, கதவின் உள்தட்டிகள் எல்லாவற்றையும் கழற்றினார். லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். 60 கிலோ குறைந்திருந்தது. நல்ல டயர்கள், புது பிரேக் பட்டைகள் வாங்கினார். எஞ்சினை முடுக்காமல், கம்பெனி சொன்ன அளவுகளுக்கே திரும்பக் கொண்டுவந்தார்.

அதோடு சீட் பெல்ட்டின் இரும்புப் பிடிமானங்களையும், கதவுக்குள் இருக்கும் தாங்கு சட்டத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றையும் பொருத்தச் சொன்னேன். அதன் எடை 25 கிலோ!

"கஷ்டப்பட்டுக் குறைச்சதுல பாதிக்குப் பாதி திரும்ப ஏறுதே சார்" என்று முகம் சுளித்தார்.

"ஏறட்டும் தம்பி. அது சுமை இல்ல, உன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்புற எடை" என்றேன். மறுவாரம் கூண்டு ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி மாற்றிய காரை அவர் சாலையில் ஓட்டவில்லை. சிறு லாரியில் ஏற்றித்தான் கோவைக்குக் கொண்டுபோனார். கம்பெனி வகுத்த அமைப்பை மாற்றி வண்டியைச் சாலையில் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும் எரியோட்டுச் சாலை பந்தயப் பாதை அல்ல. இது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதை உங்கள் அண்ணன்மார்களுக்குச் சொல்லுங்கள்.

போய் வந்து அவர் சொன்னது இது: "நேர்ப்பாதையில எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க சார். வளைவுல நான் நாலு பேரைத் தாண்டினேன்." ஒன்றரை லட்சத்தில் பாதிக்கு மேல் இன்னும் வங்கியில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் 30 மீட்டர் தூரம் அளந்து கோடு போடுங்கள். நின்ற நிலையிலிருந்து சைக்கிளை முழு வலிமையோடு மிதித்து அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தை நண்பரைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு பின்னால் ஒரு நண்பரை உட்கார வைத்து மீண்டும் செய்யுங்கள். இருவரின் எடையையும் சைக்கிளின் எடையையும் கொண்டு நேரங்களை ஒப்பிடுங்கள். எடை ஒன்றரை மடங்கானால் நேரமும் ஒன்றரை மடங்காகிறதா? இல்லையென்றால் ஏன்? உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு கலந்து பேசி விடை காணுங்கள்.