ரெண்டாவது நாள் காலை: குரூப் சைக்கிள் டூருக்கு எப்படித் தயாராகுறது?

இன்னைக்கு எபிசோட் முழுக்க சைக்கிள்தான். லாங் டூர் போறேன்னு சொன்னாலே எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "பின்னாடியே சப்போர்ட் வண்டி வருதே, அப்புறம் எதுக்கு மூணு மாசம் பிராக்டிஸ்?" முதல் தடவை போகும்போது நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால வேற ஒருத்தருக்கு எலும்பு முறிஞ்சது.

முதல்ல சப்போர்ட்னா என்னன்னு பார்த்துடலாம். உங்க பை வேன்ல வரும். வழியில அங்கங்கே தண்ணி, பழம் வச்சிருப்பாங்க. ஒரு மெக்கானிக் இருப்பார். எல்லாருக்கும் கடைசியா ஒரு வண்டி வரும், முடியாதவங்களை ஏத்திக்க. பிரவேங்கிற ரைடு இதுக்கு நேர் எதிர்: 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும், பஞ்சர் ஆனாலும் பசிச்சாலும் உங்க பாடு. ஆனா பிரவே ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடும். டூர்ல மறுநாள் காலையில திரும்ப அதே சீட்ல உக்காரணும்.

நான் கோட்டை விட்டது அங்கதான். முதல் டூர், முதல் நாள் 120 கிலோமீட்டர், ஜாலியா ஓட்டினேன். ராத்திரி அசதியில சரியா சாப்பிடல. காலையில ஒரு டீயோட கிளம்பிட்டேன். பத்தரை மணி வாக்குல தலை லேசா சுத்துச்சு. முன்னாடி போறவரோட பின் சக்கரத்துல என் முன் சக்கரம் உரசுச்சு. அவர் நேரா போயிட்டார், நான் விழுந்தேன். எனக்குப் பின்னாடி வந்த ஒரு அக்கா என் மேல மோதி விழுந்தாங்க. எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவங்களுக்கு காறை எலும்பு முறிவு. அவங்க டூர் அங்கேயே முடிஞ்சது.

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. "தம்பி, எலும்பு ஒட்டிடும். அன்னைக்கு காலையில நீ என்ன சாப்பிட்ட?" திட்டியிருந்தாகூட தாங்கியிருப்பேன்.

அதுக்கப்புறம் என் பிராக்டிஸ் மொத்தமும் ரெண்டாவது நாள் காலைக்காகத்தான். எப்படின்னு சொல்றேன்.

ஒண்ணு, ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை லாங் ரைடு எல்லாரும் போவாங்க. ஆவடியிலேர்ந்து திருநின்றவூர், திருவள்ளூர் வழியா பூண்டி ஏரி வரைக்கும் போய் வந்தா 60, 70 கிலோமீட்டர் கிடைக்கும். முக்கியமானது மறுநாள். கால் கனமா இருக்கும், உக்கார்ற இடம் வலிக்கும், அப்பவும் பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கம் வரைக்கும் மெதுவா ஒரு ரைடு போயிட்டு வாங்க. எந்த சீட் உறுத்துது, எந்த ஷார்ட்ஸ் தோலை உரசுதுன்னு அன்னைக்குத்தான் தெரியும். பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடாதீங்க, புண்ணாகுறதே அந்தத் தையலாலதான். எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருஷக்கணக்கா ஹெர்குலஸ் மிதிச்சுப் போனவர். கியரும் கிடையாது, பேடும் கிடையாது. கேட்டா, "தினமும் ஓட்டினா உடம்பு பழகிடும்டா" அப்படின்னார். அவருக்கு எல்லா நாளுமே ரெண்டாவது நாள்தான்.

ரெண்டு, சாப்பாடு. பசி எடுத்த பிறகு சாப்பிட்டா லேட். கடிகாரத்தைப் பார்த்து சாப்பிடணும். லாங் ரைடுல ஒரு மணி நேரத்துக்கு 30லேர்ந்து 60 கிராம் வரை மாவுச்சத்து வேணும். ஒரு வாழைப்பழத்துல சுமார் 25 கிராம் இருக்கும், கூட ரெண்டு கடலை மிட்டாய் போட்டுக்கோங்க. தண்ணி மணிக்கு அரை லிட்டராவது. நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வையோட உப்பும் போயிடும், அதனால வெறும் தண்ணி போதாது. உப்பு போட்ட மோர், இல்லன்னா ஓஆர்எஸ். டூர் அன்னைக்கு புதுசா எதையும் ட்ரை பண்ணாதீங்க. வயிறு எதுக்கு ஒத்துழைக்கும்னு பிராக்டிஸ்லயே பார்த்துடுங்க.

மூணு, மலை. நான் இப்போ தயாராகுறது டூர் ஆஃப் நீலகிரிஸுக்கு. 2008 டிசம்பர்ல ஆரம்பிச்ச டூர் அது. எட்டு நாள் பக்கம், மொத்தம் 800 கிலோமீட்டருக்கு மேல. அந்தப் பக்கம் ஓட்டுறவங்க எல்லாரும் பேசுறது கல்லட்டி மலைப்பாதையைப் பத்தித்தான். மசினகுடியிலேர்ந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவு, 1,000 மீட்டருக்கு மேல ஏத்தம். ஆவடியில நமக்கு இருக்கிற மலை பட்டாபிராம் மேம்பாலம்!

அப்போ என்ன பண்றது? காத்து இருக்கே. ஆடி மாசம் காலையில திருவள்ளூர் பக்கம் மேற்கால மிதிச்சுப் பாருங்க, எதிர்காத்து விடாம தள்ளும். நிறுத்தாம ஒரு மணி நேரம் ஒரே சீரா மிதிக்கிற பழக்கம் அதுலயே வந்துடும். ஆனா இறக்கத்தைக் காத்து சொல்லித் தராது. அதுக்கு ஒரு தடவையாவது ஏலகிரி போங்க, 14 வளைவு. பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே பிடிச்சு வேகத்தைக் குறைங்க. கீழே வர்ற வரைக்கும் விடாம அழுத்தினா ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். கியரையும் கடையில கேட்டு மாத்திக்கோங்க. முன்னாடி 34 பல், பின்னாடி 34 பல் இருந்தா, ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுத்துதான் சுத்தும். வேகம் வராது, ஆனா முட்டி தப்பிச்சிடும்.

நாலு, கூட்டத்துல ஓட்டுறது. ஒருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா காத்து குறையும், நல்லாவே சக்தி மிச்சமாகும். அதே நெருக்கம்தான் ஆபத்தும். முன்னாடி இருக்கிறவரோட பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல உங்க முன் சக்கரம் போகவே கூடாது. பள்ளத்தைக் கையால காட்டுங்க, பிரேக் பிடிக்கும் முன்னாடி குரல் கொடுங்க. அசதியா இருந்தா பின்னாடி போயிடுங்க. அசதியில முதல்ல மங்குறது கவனம்தான்.

கடைசியா, அந்த வண்டி. அதுல ஏறுறது அவமானம்னு நினைச்சுத்தான் அன்னைக்கு தலை சுத்தியும் ஓட்டினேன். இப்போ எனக்குன்னு ஒரு ரூல் வச்சிருக்கேன்: தலை சுத்தினா, கை நடுங்கினா, பக்கத்துல இருக்கிறவர் சொல்ற பதிலை ரெண்டு தடவை கேக்க வேண்டி வந்தா, ஓரமா நிறுத்தி கையைத் தூக்கிடுவேன். நாளைக்குக் காலையில திரும்ப ஓட்டிக்கலாம்.

அக்கா இப்போ திரும்ப ஓட்டுறாங்க. ஞாயித்துக்கிழமை ரைடுக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீக்கடையில நிப்பாங்க. என்னைப் பார்த்ததும் குட் மார்னிங் எல்லாம் கிடையாது. "என்ன சாப்பிட்ட?"தான். இப்போ என்கிட்ட பதில் இருக்கு: நாலு இட்லி, ஒரு பழம்.

நீங்களும் டூருக்குப் பேர் கொடுத்திருந்தா, இந்த வாரம் சனிக்கிழமை ரைடை கொஞ்சம் குறைச்சுட்டு ஞாயித்துக்கிழமையும் கிளம்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.