எட்டாத குரல்

ஞாயிறு மாலையானால் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் வழக்கம் உண்டு. மறுமுனையில் உள்ள முதியவர் எதற்கும் "சரி, சரி" என்றே விடையிறுப்பாராயின், அன்பர்களே, அவர் செய்தியைக் கேட்டுக்கொண்டார் என்று எண்ணிவிடாதீர்கள். காது கேளாமையை வெளியிட நாணியே பலர் "சரி" என்கின்றனர். பின்னர் மணி அடித்தாலும் எடுப்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வாழும் என் அத்தை, காலையில் உண்ண வேண்டிய மாத்திரையைப் பல நாள் மாலையில் உண்டுவந்தார். தொலைபேசியில் அதனைச் சொன்னவன் நானே! காலை, மாலை இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதானே வேறு? முதுமையில் முதலில் மங்குவது உயர்சுருதி ஒலிகள். மெய்யெழுத்துக்கள் பலவற்றின் தெளிவு அவற்றையே சார்ந்தது. பழைய தொலைபேசி முறையோ விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளை மட்டுமே கடத்துவது. நேரில் துணைபுரியும் உதட்டசைவும் அங்கில்லை. இந்நிலையில் உரக்கக் கத்தினால் குரல்தான் சிதையும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவர்தம் துணைவியார் மேபல் இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர். கணவர் படைத்த கருவியின் குரல் மனைவிக்கு எட்டவில்லை. 1964-இல் அமெரிக்காவில், தாமும் காது கேளாதவரான ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் இயற்பியலறிஞர், தட்டெழுத்தை ஒலிக்குறிகளாக்கிச் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் இணைப்பைச் சமைத்தார். மறுமுனைப் பொறியில் அவ்வொலிகள் மீண்டும் எழுத்தாயின.

இன்று அத்தகைய பொறி தேவையில்லை. முகங்கண்டு பேசும் காணொளி அழைப்பும், பேச்சைத் தமிழிலேயே எழுத்தாக்கும் செயலிகளும் கைப்பேசியில் வந்துவிட்டன. (நெல்லைப் பேச்சைக் கேட்டால் இச்செயலிகள் சற்றே திகைக்கின்றன, அது வேறு கதை.) நம் நகரில் பாந்திராவில், 1983-இல் நிறுவப்பெற்ற அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் செவிச் சோதனை செய்து தக்க கருவியைப் பரிந்துரைக்கின்றனர். காது மிஷின் வாங்குமுன், தொலைபேசிக்கென்றே அமைந்த 'டி' சுருளோ, கைப்பேசியோடு கம்பியின்றி இணையும் புளூடூத் வசதியோ அதில் உண்டா என வினவுதல் நன்று.

இவற்றினும் எளிய வழி ஒன்றை அத்தையிடமே கற்றேன். கேளாத சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லாது, வேறு சொல்லால் மெல்லச் சொல்ல வேண்டும். இப்போது நான் "காலை" என்பதே இல்லை. முகம் தெரியும்படி அழைத்து, "காப்பி குடித்ததும் மாத்திரை" என்கிறேன். அவரும் அதனைத் திருப்பிச் சொல்லிவிட்டு, செம்பூரில் மழை உண்டா என்று கேட்கிறார்.