இரண்டு வயதுத் தொண்டைக்கு ஒரு டிபன் பாக்ஸ்

குழந்தையை டே கேரில் சேர்க்கும் அன்று கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களோடு சாப்பாட்டு விதிகள் அச்சிட்ட ஒரு தாளும் கைக்கு வரும். முழுத் திராட்சை வேண்டாம். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் வேண்டாம். பாப்கார்ன் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. நேற்றைய மிச்சம் கூடாது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் காலை ஏழு மணிக்கே டப்பா கட்ட வேண்டியிருக்கும் அம்மா, அப்பாக்களுக்கு இந்தத் தாளைப் பார்த்ததும் ஆயாசம் வருவது இயல்பு. “நாமெல்லாம் கடலை உருண்டை தின்னுதானே வளர்ந்தோம்?” என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாளின் பெரும்பாலான வரிகளுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உடம்பு இருக்கிறது. காரணம் தெரியாமல் விதியை மட்டும் பின்பற்றுகிறவர் திராட்சையை விலக்கிவிட்டு முழு நாவல்பழத்தைப் போட்டு அனுப்புவார். காரணம் தெரிந்தவருக்குத் தாளே தேவைப்படாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்கு வெளியே மதியச் சாப்பாடு சாப்பிடும் பிஞ்சுகள் இனி கூடத்தான் போகிறார்கள். அதனால் காரணங்களைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் தொண்டை. பெரியவர்களின் மூச்சுக்குழாய் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை அகலம். ஒன்றரை, இரண்டு வயதில் அது சுமார் 6 மில்லிமீட்டர்தான். குழாய் குறுகும்போது காற்றுக்கு ஏற்படும் தடை அதே அளவில் கூடுவதில்லை. பல மடங்கு எகிறிவிடும். சீராக ஓடும் காற்றுக்கு ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகிறது. பெரியவருக்கு இருமலோடு போகிற ஒரு துணுக்கு, குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடக் காரணம் இந்தக் கணக்குதான். அடைத்ததை வெளியே தள்ளும் அளவுக்கு அந்தச் சின்ன நுரையீரலின் இருமலுக்கு வேகமும் கிடையாது.

அடுத்தது பல். வெட்டுப் பற்கள் முதலில் வந்துவிடுகின்றன; அரைக்கும் பற்கள் தாமதம். முதல் கடைவாய்ப் பல் 13 மாதத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். இரண்டாவது கடைவாய்ப் பல் முளைக்க ஏறக்குறைய இரண்டு வயதாகும், இரண்டரையும் தாண்டலாம். ஆக, இந்த வயதுக் குழந்தையால் கடித்து எடுக்க முடியும், அரைக்க முடியாது. கடித்த துண்டு முழுசாகவே உள்ளே போகும். திராட்சையின் ஆபத்து இங்கேதான்: வழவழப்பு, உருண்டை, அழுத்தினால் நசுங்கும் தன்மை. கெட்டியான பொருள் அடைத்தால் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளியாவது மிஞ்சும். திராட்சையோ தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து, தக்கை போட்டதுபோல் அடைத்துக்கொள்ளும். அதை நீளவாக்கில் நான்காக அரிய வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். ஆபத்து முழுதாகத் தீராது.

வேர்க்கடலையின் தொல்லை இன்னும் நுட்பமானது. நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் முன்னணியில் நிற்பது அதுதான். பாதிக் கடலை ஒன்று உள்ளே நழுவினால் உடனே அடைக்காமலும் போகலாம். குழந்தை ஒருமுறை பலமாக இருமும், பிறகு விளையாடப் போய்விடும். உள்ளே ஈரத்தில் கடலை ஊறி உப்பும். அதன் எண்ணெய் குழாயின் உட்சுவரை ரணமாக்கும். சில நாள் கழித்துச் சளி, இழுப்பு, காய்ச்சல் என்று வரும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. மயக்க மருந்து கொடுத்து, உள்நோக்குக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். முழுக் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்ப் பத்தை, பச்சைக் கேரட், முறுக்கு, விதையோடு சீதாப்பழம், எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். சுண்டலை மசித்துவிட்டால் அதே சத்து, பயமில்லை. கேரட்டை வேக வைத்தால் போதும். விளையாடிக்கொண்டே, ஓடிக்கொண்டே, வண்டியில் போய்க்கொண்டே ஊட்டாமல் உட்கார வைத்து ஊட்டுவது உணவைப் பொடிதாக நறுக்குவதற்கு ஈடான பாதுகாப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். முழுக் கடலை வேண்டாம் என்பது தொண்டைக்காக. கடலைப் பொடி, கடலைச் சட்னியும் வேண்டாம் என்று சில காப்பகங்கள் சொல்வது ஒவ்வாமைக்காக. இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை அங்கே இருந்தால், பக்கத்துக் குழந்தையின் விரலில் ஒட்டிய துளியே அதற்கு உயிராபத்தாகலாம். இந்த வயதில் டப்பா மாறிக் கை வைக்காத குழந்தை ஏது? அந்த விதியை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் கடலையை ஒதுக்குவது தவறு. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை தராதீர்கள் என்றது. 2008-இல் அதைக் கைவிட்டது. அதே 2008-இல் லண்டனின் கிடியன் லாக் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு. இஸ்ரேலில் ‘பம்பா’ என்ற கடலைத் தின்பண்டத்தைக் கைக்குழந்தையிலிருந்தே தருவார்கள், பிரிட்டனில் தவிர்த்தார்கள். 2015-இல் வெளியான அவர்களின் ஆய்வில் ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, கடலையைத் தவிர்த்த குழுவில் சுமார் 17 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை. தொடர்ந்து சாப்பிட்ட குழுவில் சுமார் 3 சதவீதம். பயந்து ஒதுக்கியதே பயந்ததை வரவழைத்தது. கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து வீட்டில் கொடுங்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். ஒரு வயதுக்குப் பிறகு குடல் அதைச் சமாளித்துவிடும்.

இனி, கடிகாரமும் வெயிலும். ஏழு மணிக்கு மூடிய டப்பா பன்னிரண்டரைக்குத் திறக்கிறது. ஐந்தரை மணி நேரம், சென்னையின் மே மாதத்தில். உணவு கெடுவதற்குத் தோதான வெப்பம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்க விடாதீர்கள், 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான கணக்கு. சோற்றுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மண்ணிலிருந்து நெல்லோடு வரும் ‘பேசில்லஸ் செரியஸ்’ நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சேர்த்துவிடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘சுட வைத்துத்தானே கொடுத்தோம்’ என்பது இங்கே செல்லாது.

அதனால் ஒன்று, சூடு சூடாகவே இருக்க வேண்டும். பருப்புச் சாதம் என்றால், ஃப்ளாஸ்க் டப்பாவில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கப் பறக்க வாய்வரை நிரப்பி மூடுங்கள். பாதி டப்பா சீக்கிரம் ஆறிவிடும். திறந்து ஆறவிட்டு ஊட்டும்படி அங்கே சொல்லிவிட வேண்டும். நாக்கு சுட்ட குழந்தை நாலு நாள் வாயைத் திறக்காது. இல்லையென்றால், புளிப்பின் துணை வேண்டும். நம் வழிப்பயணக் கட்டுச்சோறு புளியோதரையானது சும்மா அல்ல. புளியின் அமிலத்தில் பெரும்பாலான நுண்ணுயிரிகள் பெருகத் திணறும்.

தயிர்சாதத்தில் இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். மதியம் புளிக்காமல் இருக்கட்டும் என்று பல வீடுகளில் சோற்றைக் குழையப் பிசைந்து, பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு அனுப்புவார்கள். போகிற வழியிலேயே பால் தோய்ந்து, திறக்கும்போது பக்குவமாக இருக்கும். பெரியவர்களுக்கு அருமையான கைப்பக்குவம். ஆனால் அந்தப் பால் புளிப்பேறும்வரை சில மணி நேரம் அமிலத்தின் காவல் இல்லை. குழந்தைக்கு, அதுவும் கோடையில், முந்தைய நாளே நன்றாகத் தோய்ந்த குளிர்ந்த தயிரை நிறைய விட்டு, ஆறிய சோற்றில் பிசைவதுதான் சரி. சுடுசோற்றில் தயிரை ஊற்றினால் காவலுக்கு வந்த பாக்டீரியாவே செத்துப்போகும். கூடவே ஒரு ஐஸ் பேக் வைத்தால் இன்னும் நல்லது.

அச்சிட்ட விதிகள் இவ்வளவு. அச்சில் இல்லாத ஒரு விதி பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது: டப்பா காலியாக வேண்டும். மாலை ஐந்தரைக்கு வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்டால் தெரியும்.

“மேடம், பாப்பா இன்னிக்குப் பாதிதான் சாப்பிட்டா.”

“கொஞ்சம் கதை சொல்லி ஊட்டி விட்டிருக்கலாமே அக்கா?”

இருவரும் அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் இந்த ஒரு விதியைக் கைவிடச் சொல்வேன். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஒன்பது கிலோவை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைய, பசியும் குறைகிறது. அது நோயல்ல. 1980-களில் அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்றில், பசியைக் கவனிக்கப் பழக்கிய குழந்தைகள் கலோரி மிகுந்த உணவு கிடைத்தபோது தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டார்கள். தட்டைக் காலி செய்யப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகளிடம் அந்தத் தன்னுணர்வு தென்படவில்லை. புதுக் காயைக் குழந்தை தள்ளிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைக்கின்றன. ஒரு துண்டு அவரைக்காயை டப்பாவின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருக்கலாம், வற்புறுத்தல் இல்லாமல்.

காப்பகத்தில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. டப்பா எங்கே வைக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள், சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், தொண்டை அடைத்தால் முதுகில் தட்டவும் வயிற்றை அமுக்கித் தள்ளவும் யாருக்குப் பயிற்சி உண்டு? தெரியாதவர்கள் பதற்றத்தில் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, அடைத்ததை இன்னும் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

மாலையில் திரும்பி வரும் மிச்சத்தை வண்டியில் உட்கார்ந்து ஊட்ட வேண்டாம். எச்சில் பட்ட கரண்டி மதியமே அதற்குள் போயிருக்கிறது. பிறகு ஐந்து மணி நேரம் வெயிலில் இருந்திருக்கிறது. கொட்டிவிட்டு, நாளைக்கு இரண்டு கரண்டி குறைத்துக் கட்டுங்கள்.