ஜோடியா ட்ரெக்கிங் பிளானா? குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மாறிய விதிகளும், மலையேறும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவையும்!

கல்யாணமான புதுசுல ஊட்டி, கொடைக்கானல்னு ரூம் போட்டுத் தங்குறது பழைய ஸ்டைல். இப்போ முதுகுல பேக்கை மாட்டிக்கிட்டு ஜோடியா மலையேறக் கிளம்புறவங்க அதிகம். காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில தறிச்சத்தத்துக்கு நடுவுல வளர்ந்து, இப்போ ஒரகடத்துலயோ ஓ.எம்.ஆர்-லயோ வேலை பார்க்குற ஒரு ஜோடிக்கு, ரெண்டு நாள் லீவ்ல ஒரு மலை உச்சி என்பது பெரிய ஆசைதான். ஆனா, சமவெளியில் வளர்ந்தவங்களுக்கு மலையோட கணக்கு வேற. தமிழ்நாடு அதைக் கத்துக்கிட்டது 2018-ல்.

குரங்கணியில் என்ன நடந்தது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையில் இருந்து குரங்கணி நோக்கி 30-க்கும் மேற்பட்டோர் இறங்கிக்கொண்டிருந்தனர். சென்னையில் இருந்து வந்த ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்து வந்த இன்னொரு குழு. வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. சூலூரில் இருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. மருத்துவமனைகளில் அடுத்தடுத்த நாட்களில் நடந்த மரணங்களையும் சேர்த்து, பலியானவர்கள் 23 பேர்.

அதில் ஈரோடு பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதியும் உண்டு. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. இருவருமே பிழைக்கவில்லை.

தீ ஏன் அவ்வளவு வேகமாப் பரவியது?

மார்ச் மாதம் மலைச்சரிவில் புல் காய்ந்து சருகாக இருக்கும். ஒரு பொறி போதும். அதைவிட முக்கியம், சரிவு. தீ மேல்நோக்கிப் போகும்போது, அதன் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் பொதுவான கணக்கு. அதாவது, மேட்டை நோக்கி ஓடுற மனுஷனுக்கு மூச்சு வாங்கும். அதே மேட்டுல தீக்கு வேகம் கூடும்.

அதுக்கப்புறம் என்ன மாறியது?

அப்போதைய வருவாய்த் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு, வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த மாநில அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. முன்பு குழு அமைப்பாளரை நம்பிப் பணம் கட்டிவிட்டுப் போனவர்கள் பலருக்கு, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதே தெரியாது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என மூன்று பிரிவுகள். ஆன்லைனில் புக் செய்யலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவாங்க. அவர்களில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடியினர். காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுப்பகுதியில் இருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை 2025-ல் பாதைகள் மூடப்பட்டன. குரங்கணி விபத்து நடந்ததும் சரியாக அந்தக் காலத்தில்தான்.

ஜோடியா போறவங்க எதைக் கவனிக்கணும்?

* அனுமதிச் சீட்டைக் கேளுங்க: தனியார் குழுவோட போனா, எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு அனுமதின்னு கண்ணால பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. 'அங்க போய் வாங்கிக்கலாம்'னு சொன்னா அந்த டிரிப்பே வேண்டாம்.

* வேகம், மெதுவா நடக்குறவரோடது: தம்பதிக்குள்ள ஒருத்தர் ஜிம் போறவரா இருக்கலாம், இன்னொருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்குறவரா இருக்கலாம். பாதையைத் தேர்வு செய்றப்போ ரெண்டாவது ஆளோட உடம்பைத்தான் கணக்குல எடுக்கணும். முதல் ட்ரெக்னா எளிதான பிரிவுல இருந்து ஆரம்பிங்க.

* ஆளுக்கொரு தண்ணீர், ஆளுக்கொரு விசில்: பாரம் குறையணும்னு எல்லாத்தையும் ஒரே பையில போட்டு ஒருத்தர் சுமக்குறது பல ஜோடிகள் செய்றது. வழியில பிரிஞ்சிட்டா ஒருத்தர் கையில ஒண்ணுமே இருக்காது. தண்ணீர், விசில், டார்ச், மருந்து ரெண்டு பையிலயும் இருக்கட்டும்.

* பருத்தி உடையும் கையில இருக்கட்டும்: வியர்வை சீக்கிரம் காயும்னு போடுற சிந்தெடிக் டிஷர்ட், தீயில உருகித் தோலோட ஒட்டிக்கும். வறண்ட காலத்துல புல்வெளிப் பாதைன்னா முழுக்கை பருத்திச் சட்டை நல்லது.

* புகை தெரிஞ்சா திரும்பிடுங்க: தீ கீழே இருந்தா மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டுல விலகி, பாறை, வெட்டவெளி, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச இடம்னு தேடணும். குறுகலான பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், அதுக்குள்ள இறங்காதீங்க.

இமயமலை பிளான்னா?

அங்கே எதிரி உயரம். சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. லே நகரமே சுமார் 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வுதான். தலைவலியோடு தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். 'நீ டென்ட்ல இரு, நான் மட்டும் உச்சியைப் பார்த்துட்டு வந்துடுறேன்'ங்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒருத்தர் இறங்கினா ரெண்டு பேரும் இறங்கணும். இதைப் பேக் பண்ணும்போதே பேசி முடிவு பண்ணிக்கோங்க. மேல போனப்புறம் அது சண்டையாத்தான் முடியும்.

கிளம்பும் முன், பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. சொன்ன நேரத்துக்கு நீங்க வரலைன்னா, 112-க்கு அழைக்கப் போறது அவங்கதான்.