கோப்பு எங்கே போகிறது? அதைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும். பழைய கணினி அன்றோடு நின்றுவிடாது. ஆனால் புதிது வாங்கும் வீடுகளில் அடுத்த கேள்வி எழுகிறது: பழையதில் இருப்பதைப் புதியதற்கு எப்படிக் கொண்டுபோவது?

மலேசியாவின் கெடா மாநிலத் தென்கோடியில், பேராக் எல்லையை ஒட்டிய பண்டார் பாரு மாவட்டத்துச் செர்டாங்கிலும், வடக்கே கூலிம், சுங்கை பட்டாணி வரையிலும் இது சின்னக் கேள்வி அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்த பிறகு, தோட்ட வாழ்க்கைக்குச் சாட்சியாகப் பல வீடுகளில் எஞ்சியிருப்பவை கணினியில் கிடக்கும் படங்கள்தான். தீமிதித் திருவிழா, தாத்தாவின் பால்மரக் காட்டுப் படம், கல்யாண வீடியோ, கோவில் நிர்வாகக் கூட்டக் குறிப்பு, பிள்ளைகளின் எஸ்.பி.எம். சான்றிதழ் என எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

இவற்றை மாற்ற இலவச மென்பொருள்கள் நிறையவே உண்டு. எது நல்லது என்று கேட்பதற்கு முன், கோப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒரே வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வழி, வெளியூர் உறவினருக்கு ஒரு வழி, இணையத்தளத்தைத் தாங்கும் சர்வருக்கு இன்னொரு வழி.

ஓர் இந்தியர் எழுதிய விதி

கோப்பு அனுப்புவதற்கென்று இணைய உலகம் வகுத்த முதல் விதிமுறைகளில் ஒன்று எஃப்டிபி. 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட அதன் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தார். கணினிகள் வெகு சில, பயனர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்ற காலம் அது. அதனால் எஃப்டிபி எதையும் மறைப்பதில்லை. கடவுச்சொல்லும் வெற்று எழுத்தாகவே போகும். வழியில் ஒட்டுக்கேட்பவர் படித்துவிடலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 2021-இல் இதற்கான வசதியை நீக்கிவிட்டன. ஆகவே இன்று எஃப்டிபி மட்டுமே தெரிந்த மென்பொருளை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே வீட்டுக்குள் என்றால்

பெரும்பாலானோரின் தேவை இதுதான். இதற்கு இணையமே வேண்டியதில்லை. 50 ஜிபி படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு வைஃபையில் நொடிக்கு 20 எம்பி நகர்ந்தால் 42 நிமிடத்தில் வேலை முடியும். அதையே நொடிக்கு 10 மெகாபிட் ஏற்று வேகமுள்ள இணைப்பில் மேகக் கிடங்குக்கு அனுப்பினால், ஏற்றுவதற்கு மட்டும் 11 மணி நேரம் ஆகும். கூகுள் இலவசமாகத் தருவதோ மின்னஞ்சல், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான்.

வீட்டுக்குள் அனுப்ப முதலில் பார்க்க வேண்டியது லோக்கல்சென்ட். மூல நிரல் திறந்திருக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் ஓடும். கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் இல்லை, கோப்பு மறையாக்கத்துடன் நேராக அடுத்த கருவிக்குப் போகும்.

இரண்டு கணினிகளையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் இதைத் திறந்து வையுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டால் தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். அனுப்பும் பக்கத்தில் கோப்புறையைத் தேர்ந்தெடுத்ததும் அடுத்த கணினியின் பெயர் கீழே தெரியும். அதைத் தொட்டு, அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டால் போதும். பெயர் தெரியாவிட்டால், இரண்டில் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படங்களை ஆண்டு வாரியாகப் பிரித்து அனுப்பினால், நடுவில் அறுந்தாலும் எதை மறுபடி அனுப்புவது என்பது தெரியும்.

பென்டிரைவ் போதும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபாட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ ஏற மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதால் அதை முன்பே வேறிடத்தில் எடுத்துவையுங்கள்.

வெளியூருக்கு என்றால்

கோலாலம்பூரில் இருக்கும் மகளின் கணினியிலும் குடும்பப் படங்கள் இருக்க வேண்டுமா? சின்க்திங் என்ற இலவச மென்பொருள் இரண்டு கோப்புறைகளை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஆகவே இது காப்புப் பிரதிக்கு மாற்று ஆகாது. சில படங்கள்தான் என்றால் வாட்ஸ்அப் போதும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், தரம் குறையாது.

இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு

சங்கத்துக்கோ கடைக்கோ தளம் நடத்துபவர்களுக்கு ஃபைல்சில்லா, வின்எஸ்சிபி இரண்டும் பழகிய பெயர்கள். வின்எஸ்சிபி விண்டோஸில் மட்டும் ஓடும்; ஃபைல்சில்லா மேக், லினக்ஸிலும் ஓடும். எதை எடுத்தாலும் இணைப்பு வகையில் எஸ்எஃப்டிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் இது எஃப்டிபி அல்ல. கடவுச்சொல்லும் கோப்பும் மறையாக்கத்துக்குள் போகும்.

எங்கிருந்து இறக்குவது?

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை எங்கே இறக்குகிறோம் என்பது முக்கியம். 2014 ஜனவரியில் அவாஸ்ட் நிறுவனம் போலி ஃபைல்சில்லா உலவுவதைக் கண்டுபிடித்தது. பார்வைக்கும் வேலைக்கும் அசலைப் போலவே இருந்த அது, பயனரின் கடவுச்சொல்லைத் திருடி வேறிடத்துக்கு அனுப்பியது. ஆகவே தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல், உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். அங்கும் வேறு மென்பொருளைச் சேர்த்து நிறுவவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிரபலம் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. ஒரு காலத்தில் கைப்பேசிதோறும் இருந்த ஷேர்இட் செயலியை 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் அதன் ஆண்ட்ராய்டு வடிவத்தில் பாதுகாப்பு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு ஒரு பைட்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தாலும், திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே சிக்கலைக் கடந்து வந்ததுதான். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இணைமதி, மயிலை எழுத்துருக்களில் வெளியிட்டு, பிறகு திஸ்கி என்ற குறியீட்டு முறைக்கும் அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்ற வேண்டியிருந்தது.

பழைய கணினியில் தமிழ் சரியாகத் தெரியும்போதே கோவில், சங்கக் குறிப்புகளை எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள்.

அழிப்பதற்கு முன்

கோப்புகளை வெட்டி ஒட்டாமல் நகலெடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்டீஸ் என்பதைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆங்காங்கே சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள். பிறகு ஒரு வெளி வன்தட்டில் இன்னொரு பிரதி எடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பழைய கணினியைத் துடைக்கலாம், விற்கலாம், யாருக்காவது கொடுக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், மென்பொருளின் பெயரை மட்டும் போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மத்தியான நேரத்தை ஒதுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்து கொடுங்கள். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, படத்தில் நிற்பவர் யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.